பேத்தியின் முடியும் மோசல் ஆற்றுச் சைக்கிளும்

மாரியம்மனுக்கு நான் நேர்ந்துகொண்ட ஒரு காரியம் முடியாமல் நின்றது. அதை முடித்து வைப்பதற்காக, ஐம்பது வயதுக்கு மேல், ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரையில் நான் சைக்கிள் ஓட்ட வேண்டி வந்தது. அம்மன் ஒருத்தியை எந்த வழியால் கூட்டிக்கொண்டு போவாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள் நான். இப்போது வேலையை விட்டுவிட்டு, கணவரோடு பதுளையில் இருக்கிறேன். ஒரே மகள் தர்ஷினி ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் கஜன் தங்கமான பிள்ளை. அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம்; ஜெர்மனியில் போய்க் குடியேறி எவ்வளவோ காலம். தர்ஷினிக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் வலி கடுமையாகி, டாக்டர்மார் பயந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. நான் செருப்பைக்கூடப் போடாமல் பஸ் ஏறி, பூனாகலைக் கோயிலுக்கு ஓடினேன். "தாயே, ரெண்டு உசிரையும் குடுத்துரு. புள்ளையோட முதல் முடிய ஒன் வாசல்ல எறக்குறேன்" என்று அழுதேன். இரண்டு உயிரும் பிழைத்தன.

பேத்தி மீனுவுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. நேர்த்தி இருப்பதால் முடியில் கத்தரி படவில்லை. அது கண்ணை மறைத்து மூக்கு வரை வந்துவிட்டது. போனில் பார்த்தால் குழந்தை ஒரு திரைக்குப் பின்னால் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் மொட்டை போட எப்போது வருகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. கஜனின் அம்மா புவனேஸ்வரி, அதாவது என் சம்பந்தியம்மா, "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். முன்பொரு தடவை சம்பந்தி வீட்டார் இலங்கைக்கு வந்தபோதுகூட யாழ்ப்பாணம் போய்விட்டு அப்படியே கொழும்புக்குத் திரும்பிவிட்டார்கள். பதுளைப் பக்கம் தலை வைக்கவில்லை.

"தோட்டத்து லயத்துல குடியிருந்த கூலிச் சனம் நம்ம. நம்ம கோயிலுக்கு அவங்க எங்க வரப் போறாங்க? நீ பேசாம இரு" என்றார் என் கணவர். அப்படிச் சொல்லாதீங்க என்று நான் வாயால் சொன்னேன். மனதில் எனக்கும் அதே முள்தான் குத்திக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மருமகன் என்னை அழைத்தார். விசா, டிக்கட் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அந்தக் கதை எனக்கே தெரியாது, உங்களுக்கும் வேண்டாம். திருநீறு, குங்குமம், கற்பூரம், தேயிலைத் தூள், மிளகாய்த்தூள் இவை ஐந்தும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். மற்றதெல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விமானம் ஏறினேன்.

சம்பந்தியம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இலை பழுக்கும் காலத்தில் மோசல் என்கிற ஆற்றங்கரையோடு நாலு நாள் சைக்கிளில் போவார். வீட்டில் யாரும் கூடப் போவதில்லை. இந்த முறை தர்ஷினி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நீயும் மாமி கூடப் போ. வீட்டுல வச்சுக் கேட்டா மாமி எந்திரிச்சுப் போயிருவாங்க. சைக்கிள்ல எங்க எந்திரிச்சுப் போவாங்க? வழியில கேளு."

"நான் என்னாத்த போய்..."

"ஒனக்குத்தான் ஓட்டத் தெரியுமே!"

சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வந்ததும் சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மலையில சைக்கிள் பழகினனீங்களோ?" என்று கேட்டார்.

"மலையில எங்கங்க? வடக்க, வவுனியாவுல. சின்னப் புள்ளையா சித்தி வீட்டுல இருந்தப்ப."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. "சரி, வாங்கோவன்" என்றார்.

*

முதல் நாள் ரயிலிலேயே அமர்க்களம். அந்த ஊரில் சைக்கிளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. நாங்கள் ஏறியது வேறு பெட்டி. உள்ளே வழியெல்லாம் ஆட்கள். என் சைக்கிளின் கைப்பிடி ஒரு பெரியவரின் கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டது. அவரும் விடுபடப் பார்க்கிறார், நானும் விடுவிக்கப் பார்க்கிறேன், ரயில் ஆடுகிறது. கடைசியில் அவர் கோட்டையே கழற்றி என் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது வாங்கிக்கொண்டார். பதுளை ரயிலில் இது நடந்திருந்தால் பண்டாரவளை வருவதற்குள் நாங்கள் சொந்தக்காரர் ஆகியிருப்போம். இங்கே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சிரித்தார்.

தலைக்குப் போடும் ஹெல்மட்டுக்குள் என் கொண்டை அடங்கவில்லை. சம்பந்தியம்மா ரோட்டோரத்தில் நிறுத்தி, கொண்டையை அவிழ்த்துத் தன் கையால் பின்னலாகப் போட்டுவிட்டார். "இப்ப வடிவாக் கிடக்கு" என்றார். இப்படிப் பின்னிவிடுகிற கை, நம் வாசலுக்கு வரமாட்டேன் என்று சொல்லுமா என்று நான் யோசித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

அது பேட்டரி சைக்கிள். ஒரு மிதி மிதித்தால், யாரோ பின்னால் பிடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி பாய்கிறது. முதல் மிதியில் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். யாரும் இல்லை. "முருகா" என்றேன்.

பாதை சமமான பாதை. ஒரு பக்கம் ஆறு. தண்ணீர் அவசரமில்லாமல் போகிறது, அதில் நீளநீளமான சரக்குக் கப்பல்கள் அதைவிட அவசரமில்லாமல் போகின்றன. மறுபக்கம் மலை. அந்த மலையைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரவென்று வந்தது. அடியிலிருந்து உச்சி வரை திராட்சை. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டு, கட்டி, கிளை நறுக்கிக் கவ்வாத்துப் பண்ணி வைத்திருக்கிறார்கள். எங்கள் தேயிலை நிரை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். அவர்களுடைய நிரை ஏணி மாதிரி நேரே மேலே ஏறுகிறது. பார்க்கும்போதே முழங்கால் வலிக்கும்.

"அச்சு அசல் நம்ம பதுளப் பக்கத்து நமுனுகுல மல மாதிரியே இருக்குங்க" என்றேன் சந்தோஷத்தில்.

"நமுனுகுல இதைவிட எவ்வளவோ உயரம். மழைக்கு முதல் உச்சி தெரியாது" என்றார் முன்னால் போன சம்பந்தியம்மா.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"எங்கயோ படிச்சது" என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்தார்.

அந்த வேகத்தைப் பிடிக்கப் போய்த்தான் எனக்குப் பிசகிவிட்டது. அங்கே வலப்பக்கம் போகவேண்டும். ஒரு வளைவில் என் புத்தி ஊருக்குப் போய், நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். எதிரே கிழவர் கிழவிகளாக ஒரு பெரிய கூட்டம் சைக்கிளில் வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மணியடித்தார்கள். திருவிழா மணி மாதிரி இருந்தது. நான் புல்லுக்குள் இறங்கி நின்றுவிட்டேன். ஒரு கிழவர் நின்று சம்பந்தியம்மாவிடம் மிகவும் மரியாதையாக ஏதோ கேட்டார்.

"என்னா கேக்குறாரு? ஏசுறாரா?"

"இல்லை. நீங்கள் இங்கிலாந்தில இருந்து வந்த ஆளோ எண்டு கேக்கிறார். அங்கத்தைய ஆக்கள்தான் இடப்பக்கம் ஓடுவினமாம்."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர் மறுபடி முன்னால் போய்விட்டார். மகள் சொன்ன யோசனையில் ஒரு பிழை இருந்தது: சைக்கிளில் எழுந்து போக முடியாதுதான், முந்திப் போகலாம்.

*

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எனக்கு மச்சம் மாமிசம் ஆகாது. காலையிலிருந்து நசநசவென்று மழை. மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். சம்பந்தியம்மா பரிமாறுகிற பெண்ணிடம் இறைச்சி இல்லாத சாப்பாடு என்று விளக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் பெரிதாகத் தலையாட்டிவிட்டு இரண்டு கோப்பை சூப் கொண்டுவந்து வைத்தாள்.

ஆவி முகத்தில் பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. "லீக்ஸும் கெழங்கும்! நம்ம வெலிமடயில வெளையிற லீக்ஸ் மாதிரியே வாசம். எங்க வீட்டுக்காரரு வெலிமட பஸ்ல வர்றப்ப மூட்டையாத்தான் கொண்டாருவாரு. லொறி லொறியா போகும் பாருங்க..."

சம்பந்தியம்மா கோப்பையை மேசையின் மறுகரை வரைக்கும் தள்ளி வைத்தார். "எனக்கு லீக்ஸ் ஒத்துவராது" என்றார். முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு அருவருப்புப் பார்க்கிறவர் லயத்து வாசலில் எப்படிக் கால் வைப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் மட்டும் கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியிலிருந்து சின்னச் சின்னச் சிவப்புத் துண்டுகள் எழும்பி வந்தன. பன்றி! பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு சம்பந்தியம்மா கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எனக்குச் சொன்னார்: "அது இறைச்சி இல்லையாம். வாசத்துக்குப் போட்டதாம்."

கடைசியில் இருவருக்கும் பாண் ரொட்டியும் பட்டரும்தான். அந்த நாட்டுப் பாண் ஆளை அடிக்கலாம் போலக் கனம். நான் பையிலிருந்த மிளகாய்த்தூளை எடுத்து, உப்பும் எலுமிச்சையும் கேட்டு வாங்கிக் குழைத்தேன். சம்பந்தியம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். பிறகு பாணால் வழித்தெடுத்தார்.

பின்னேரம் மழை விட்டது. திராட்சைத் தோட்டத்து ஓரத்தில், கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு சின்ன மாடத்துக்குள் மாதா சிலை இருந்தது. யாரோ காட்டுப்பூ வைத்திருந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்தினேன்.

"இது இவங்க கவ்வாத்துச்சாமி" என்றேன். சம்பந்தியம்மாவுக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கத்தி கையைப் பதம் பார்க்கக்கூடாது, பாம்பு அட்டை அண்டக்கூடாது என்று கும்பிடுவோம் என்று சொன்னேன். "மலையில வேல செய்றவங்களுக்கு மலையிலயே ஒரு சாமி வேணும்ங்க. கீழ இருக்குற கோயிலுக்கு நாங்க கூப்புட்டா கேக்காது."

ஒரு துண்டுக் கற்பூரத்தைக் கல்லில் வைத்துக் கொளுத்தினேன்.

"ஐயோ, பொலிஸ் வரப்போகுது!" என்றார் அவர். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார். கற்பூரம் அடங்கியதும் அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது.

"சம்பந்திம்மா, மீனுவோட முடி விஷயமா ஒண்ணு..."

"அங்க பாருங்கோ, எவ்வளவு பெரிய கப்பல்!"

கப்பல் நேற்றுப் போனவற்றைவிடச் சின்னது. நான் பார்த்துவிட்டு, "ஆமாங்க, பெருசுதான்" என்றேன்.

*

அன்றிரவு ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் தங்கினோம். மேல்மாடியில் விருந்தாளிகளுக்கு அறை, கீழே முற்றம், அதற்குக் கீழே ஒயின் வைக்கும் நிலவறை.

மூன்றாம் நாள் விடிகிற நேரம் வழக்கம்போல எழுந்து, குளித்து, நெற்றிக்கு வைத்து, அம்மனை நினைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். குளிருக்கு மகளின் பழைய ஜாக்கெட்டைப் போட்டு, தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தேன். ஆற்றிலிருந்து பனி எழும்பி முற்றத்தை மூடியிருந்தது. பனிக்குள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பழம் வெட்ட வேறு நாடுகளிலிருந்து வந்த கூலி ஆட்கள். பெண்கள் தலையிலும் துண்டு. முன்னால் ஒரு நெட்டையான ஆள் கையை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பெயர். காலையில் ஆட்களை நிறுத்தி, எண்ணி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று கங்காணி பிரித்துவிடும் இடம். பிந்திப் போனால் அன்றைக்குப் பெயர் விழாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வயது வந்த நாள் முதல் அந்த வரிசைக்கு ஓடி ஓடியே பழகிய கால் இது. நான் அந்த ஊருக்கு விருந்தாளி என்பதை என் கால் கேட்கவில்லை. பனியும், துண்டும், எண்ணுகிற விரலும் கண்ணில் பட்டதுதான் தெரியும். நான் வரிசைக் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.

விரல் என்மேலும் வந்தது. எண்ணப்பட்டேன். எனக்கும் ஒரு வாளியும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கிடைத்தன. அப்போதுதான் எனக்கு நினைவு தெளிந்தது. ஆனால் "நான் மேல் அறையில் தங்கியிருக்கிற ஆள்" என்று எந்தப் பாஷையில் சொல்வது? எல்லோரும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் வேறு, போ போ என்கிற மாதிரி வாளியால் தட்டினாள். நான் ஏறினேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலுக்கடியில் கருப்புக் கல் தட்டுத்தட்டாகச் சரிந்தது. கீழே ஆறு பனிக்குள் கிடந்தது. என்னைத் தட்டிய பெண் அடுத்த நிரையில் நின்றாள். இரண்டு முன்பல் இல்லாத சிரிப்பு. எந்தக் குலையை வெட்டுவது, எதை விடுவது என்று கையால் காட்டித் தந்தாள். முதல் குலையை வெட்டினேன். வெட்டின கையோடு தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தேன்.

அது மலையில் உருண்டு போயிற்று.

தேயிலைக் கூடை முதுகில்தான் தொங்கும். கொழுந்தை ஒடித்துக் கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவோம். கை அதைத்தான் செய்தது. கூடைதான் இல்லை. பக்கத்து நிரைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வாளியைக் காலடியில் வைத்து, "வாளி, வாளி" என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெட்டினேன். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு மனம் மீனுவின் முடிக்குப் போய்விட்டது. நாளைக்கு வீடு திரும்ப வேண்டும். இன்றைக்கு எப்படிக் கேட்பது, கேட்டு அவர் மாட்டேன் என்றால் கோயிலில் போய் என்ன முகத்தோடு நிற்பது என்று யோசித்துக்கொண்டே ஒரு பெரிய குலையை வெட்டி, தோளுக்கு மேலால் வீசினேன்.

"ஐயோ!"

திரும்பினால் சம்பந்தியம்மா. என்னை அறையில் காணாமல், முற்றத்தில் காணாமல், ஆற்றங்கரையெல்லாம் தேடி, யாரோ கைகாட்டி மூச்சு வாங்க மலையேறி வந்திருக்கிறார். நன்றாகப் பழுத்த குலை. நெஞ்சில் பட்டுச் சிதறி, வெள்ளை ஜாக்கெட்டில் சாறு வழிந்தது. கழுத்துச் சங்கிலியில் ஒரு பழம் தொங்கியது.

"மன்னிச்சுக்கங்க சம்பந்திம்மா! தெரியாம... கூடைன்னு நெனச்சு..."

நான் முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைத் தேடினேன், துடைக்க. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று பார்த்தேன். அவர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா எறிஞ்சு காட்டுங்கோ."

"என்னாங்க?"

"எறியுங்கோவன்."

பயந்துகொண்டே சின்னதாக ஒன்றை வெட்டி எறிந்தேன். அது உருண்டு போவதை அவர் பார்த்தார்.

"இப்பிடித்தான்" என்றார். "பள்ளிக்கூட பஸ்ஸில இருந்து நான் பாக்கிறனான். மலை முழுக்கப் பொம்பிளையள். ஆரும் திரும்பிப் பாக்க மாட்டினம், ஆனா ஒரு இலை கீழ விழாது. நானும் வீட்டை வந்து புத்தகப் பையை முதுகில போட்டுக்கொண்டு கடதாசியைக் கிழிச்சுக் கிழிச்சு எறிஞ்சு பாக்கிறது. அம்மாட்டை அடியும் வாங்கினனான்."

"எந்த ஊரு பஸ்ஸுலங்க?"

"பதுளை. நான் பிறந்ததே பதுளையிலதான்."

என் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

அவருடைய அப்பா அங்கே அரசாங்கக் கிளாக்கராக இருந்தவராம். ஒன்பது வயது வரை அவர் பதுளைப் பிள்ளைதான். பிறந்த நாளுக்கு அப்பா ஒரு சின்னச் சிவப்புச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவாராம். பிறகு தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம் வந்தது.

"பக்கத்துக் கடை முஸ்லிம் நானாதான் எங்களைத் தன்ர லொறியில ஏத்திக்கொண்டு போனவர். அவரும் பிள்ளைகுட்டிக்காரன். பிடிபட்டா அவருக்கும் ஆபத்து. லீக்ஸ் மூட்டையளுக்கு நடுவில எங்களைப் படுக்க வைச்சு, மேல இன்னும் மூட்டை அடுக்கி... நான் சைக்கிளையும் ஏத்தச் சொல்லி அழுதனான். இடமில்லைப் பிள்ளை, பேந்து வந்து எடுப்பம் எண்டார் அப்பா. பேந்து ஆர் போனது?"

அவர் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த பழத்தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"கஜனுக்குக்கூட நான் வடிவாச் சொன்னதில்லை. உங்கட கோயில் எண்டால் பதுளைக்கு வரவேணும். அதுதான் பாப்பம் பாப்பம் எண்டு கடத்தினனான். உங்கட வீட்டுக்கு வரக்கூடாதெண்டு இல்லை சம்மந்தி. நீங்கள் அப்பிடி நினைச்சிருப்பியள், எனக்குத் தெரியும்."

"நெனச்சேங்க" என்றேன். அம்மனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது, பொய் வரவில்லை. "என் வீட்டுக்காரரு அப்படித்தான் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

"படும்தானே."

"சம்பந்திம்மா, நான் சைக்கிள் பழகுனது வவுனியாவுலன்னு சொன்னேன்ல. நாங்களும் அந்தக் கலவரத்துலதாங்க போனோம். தோட்டத்துல இருக்கப் பயந்துக்கிட்டு எங்கப்பா சித்தி வீட்டுல கொண்டுபோய் விட்டாரு. அங்கதான் சித்தப்பாவோட சைக்கிள்ல பாருக்குக் கீழ காலை விட்டு ஓட்டிப் பழகுனேன்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் உதடு சிரிப்பதற்குத் துடித்தது.

"அப்ப, எனக்குச் சைக்கிள் போன கலவரத்திலதான் உங்களுக்குச் சைக்கிள் கிடைச்சிருக்கு."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அடுத்த நிரைப் பல்லில்லாத பெண்ணும் காரணம் தெரியாமலே சேர்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு அந்த நெட்டைக் கங்காணி மேலே ஏறிவந்து, கீழே உருண்டு கிடந்த குலைகளையும் சம்பந்தியம்மாவின் ஜாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பந்தியம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார்.

"என்னாவாம்?"

"நாளைக்கும் வரச் சொல்லுறார். ஆனா எறியாமல்."

அன்று பகல் எங்களை அவர்கள் விடவில்லை. வேலைக்காரர்களோடு நீளமான மேசையில் இருத்தி வெங்காயம் போட்டுச் சுட்ட ரொட்டி தந்தார்கள். கூடவே கலங்கலாக, பழச்சாறு மாதிரி ஒன்று கண்ணாடிக் கிளாசில் வந்தது. நான் எடுத்து வாயில் வைக்கப் போனேன். சம்பந்தியம்மா பாய்ந்து பிடுங்கினார். "அது புது ஒயின்! நுரைக்கத் தொடங்கிட்டுது!" எனக்குச் சாறு கேட்டு வாங்கித் தந்தார். பிடுங்கிய கிளாசை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? குடித்தார்.

"சம்பந்திம்மா!"

"குளிருக்கு" என்றார்.

*

கேட்க வேண்டியதை அன்று மத்தியானம் நேராகவே கேட்டேன். அம்மனுக்கு நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், மகள் எந்த நிலையில் கிடந்தாள் எல்லாம் சொன்னேன். அவர் கப்பலைக் காட்டவில்லை. முழுவதும் கேட்டார். "எனக்கு ஒருநாள் தாங்கோ" என்றார். சரிங்க என்றேன். அவர் பயம் இன்னதென்று தெரிந்த பிறகு அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அம்மன் இரண்டு வருடம் பொறுத்தவள், இன்னும் ஒருநாள் பொறுப்பாள்.

கடைசி நாள் நல்ல வெயில். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். அவர் முந்தவில்லை. பின்னால் வந்தவர்கள் மணியடித்தால் நான் முதலில் இடம் போய், பிறகு வலம் போய் வழி விட்டேன். ஒரு சின்னப் படகில் ஆற்றைக் கடந்தோம். படகுக்காரரும் எங்களைப் போலச் சைக்கிளில் வந்த ஒரு புருஷனும் மனைவியும்தான் அதில். அந்த மனைவி புருஷனிடம் எங்களைக் காட்டி மெதுவாக என்னவோ சொன்னாள்.

"அக்கா தங்கச்சி எண்டு சொல்லுறா" என்றார் சம்பந்தியம்மா. "ஆர் அக்கா எண்டு தெரியேல்லையாம்."

"நீங்கதாங்க அக்கா."

"விசர்க்கதை. நீங்கள்தான்."

அக்கரையில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆற்றைப் பார்த்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்த எங்கள் ஊர்த் தேயிலையைக் குடித்தோம். பால் இல்லாத வெறும் சாயம். அவர் முதல் மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். எதிர்க்கரை மலையில் ஆட்கள் புள்ளி புள்ளியாகப் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பதுளையில அந்தக் கடை நானா இப்ப இருப்பாரோ?"

"இருந்தா நல்ல வயசாயிருக்கும். விசாரிச்சுப் பாக்கலாம். எங்க வீட்டுக்காரருக்குக் கடத்தெருவுல எல்லாரையும் தெரியும்."

"அவரைப் பாத்துக் கும்பிட வேணும்."

"பாக்கலாங்க."

இன்னொரு மிடறு குடித்தார்.

"உங்கட கோயிலுக்கு ரோட்டு இருக்கோ?"

"இருக்குங்க. பாதி தூரம் பஸ் போகும். அதுக்குப் பொறவு ஏத்தம். கல்லு ரோட்டு."

"சைக்கிள் ஓடலாமோ?"

பொய் சொல்லி ஆசை காட்டலாம். வேண்டாம் என்று பட்டது.

"ஓடாதுங்க. செங்குத்தா இருக்கும். எறங்கித் தள்ளித்தான் போகணும்."

அவர் கோப்பையைக் கவிழ்த்து உதறினார். எழுந்து ஹெல்மட்டை மாட்டி, பட்டியைத் தாடைக்குக் கீழே இறுக்கினார். பிறகு என் ஹெல்மட்டையும் எடுத்து, என் பின்னலை ஒதுக்கிவிட்டுத் தலையில் வைத்தார்.

"அப்ப தள்ளுவம்" என்றார். "பிள்ளையைப் பின்னால இருத்திப் போட்டு, நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."